கொம்புச்சா பாட்டிலும் நம்ம ஊர் வெயிலும்

கொம்புச்சா, அதாவது சக்கரை போட்ட டீயை புளிக்க வெச்சு செய்யற காஸ் பானம், எப்படி போடறதுன்னு யூடியூப்ல ஏகப்பட்ட வீடியோ கிடக்கு. டீ காச்சு, சக்கரை போடு, நல்லா ஆற வை, ஸ்கோபியையும் (ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்து வளர்ற வழவழ ஆடை) போன தடவை போட்டதுல எடுத்து வெச்ச பழைய புளிச்ச தண்ணியையும் சேர்த்து ஊத்து, துணி கட்டி ஓரமா வை, ஒரு வாரத்துல ரெடி. அது சரிதான், அதுல ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, வீட்ல தயிர் தோய்க்கத் தெரிஞ்ச யாரும் பண்ணிடலாம். ஆனா அதுக்கப்புறம் "பாட்டில்ல ஊத்தி டைட்டா மூடி 3 நாள்லேர்ந்து 7 நாள் வரைக்கும் வெளிய வைங்க"ன்னு ஒரே வரியில சொல்லிட்டு அடுத்த ஷாட்டுல கிளாஸ்ல நுரை பொங்க ஊத்திக் காட்டறாங்க பாருங்க, அங்கதாங்க எனக்கு கோவம் வரும். அந்த 3 டு 7 யாரு வீட்டு கணக்கு? ஸ்வெட்டர் போட்டுக்கினு சமைக்கிறவங்க வீட்டு கணக்கு. நான் இருக்கறது சென்னை புதுவண்ணாரப்பேட்டை, மொட்டை மாடிக்கு நேர் கீழ வீடு, ஏப்ரல் மே மாசம் ராத்திரி பத்து மணிக்கும் கிச்சன் சுவத்துல கை வெச்சா சுடும். இங்க 7 நாள் மூடி வெச்சா அது கொம்புச்சா இல்ல, வெடி.

அதனால போடறதை பத்தி நான் எழுதப் போறதில்ல. பாட்டில்ல அடைக்கறது, வெக்கறது, தொறக்கறது, இது மூணு மட்டும்.

முதல்ல மூடின பாட்டிலுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா மீதி தானா புரியும். கொம்புச்சாவுல ரெண்டு கூட்டம் இருக்கு, ஈஸ்ட்டு ஒரு பக்கம், பாக்டீரியா ஒரு பக்கம். ஈஸ்ட்டு சக்கரையை தின்னுட்டு ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் விடும். பாக்டீரியா அந்த ஆல்கஹாலை எடுத்து ஆசிட்டா மாத்தும், ஆனா அதுக்கு ஆக்ஸிஜன் வேணும். துணி கட்டின ஜாடியில ரெண்டும் சேர்ந்து வேலை பார்க்கும், காஸ் வெளிய போய்டும், ஆல்கஹால் ஆசிட்டா மாறிடும். பாட்டிலை மூடிட்டா கதையே வேற. உள்ள காத்து கொஞ்சம்தான், அது தீர்ந்ததும் பாக்டீரியா சும்மா உக்காந்துடும், ஈஸ்ட்டுக்கு காத்து இல்லாட்டியும் கவலை இல்ல, அது பாட்டுக்கு தின்னுக்கினே இருக்கும். காஸுக்கு போக வழி இல்ல, தண்ணியில கரையும், கரைய முடியாதது மேல இருக்கற இடத்துல அழுத்தம் ஏத்தும்.

இப்ப ஒரு சின்ன கணக்கு. சக்கரை 4 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன், முழுசா நொதிச்சா ஏறக்குறைய 2 கிராம் காஸ் வரும். 2 கிராம் காஸுன்னா சாதாரண அழுத்தத்துல கிட்டத்தட்ட ஒரு லிட்டர் இடத்தை புடிக்கும். அப்ப ஒரு லிட்டர் பாட்டில்ல ஒரு டீஸ்பூன் சக்கரை = ஒரு லிட்டர் காஸ். கடையில விக்கிற கூல்டிரிங்ஸ்ல அதோட அளவைப் போல சுமாரா மூணரை நாலு மடங்கு காஸ் இருக்கும், பீர்ல ரெண்டரை பக்கம். அதாவது 10 கிராமுக்கும் 15 கிராமுக்கும் நடுவுல சக்கரை நொதிச்சாலே நல்லா சுர்ருன்னு ஏறற அளவுக்கு காஸ் வந்துடும். ஆனா நம்ம ஆரம்பத்துல லிட்டருக்கு 60, 70 கிராம் போடறோம், நாக்குக்கு இன்னும் தித்திப்பு இருக்கும்போதே பாட்டில்ல ஊத்திடறோம், அப்ப உள்ள 30 கிராமோ 40 கிராமோ மிச்சம் இருக்கறது சகஜம். அது முழுக்க காஸா மாறினா எட்டு, பத்து மடங்கு. எந்த கண்ணாடி தாங்கும்? அதுலயும் சில பேரு "ஃபிஸ் நல்லா வரணும்னா மூடறதுக்கு முன்னாடி ரெண்டு ஸ்பூன் சக்கரை போடுங்க"ன்னு சொல்றாங்க. போடாதீங்க. குடிச்சு பார்த்து தித்திப்பு தெரிஞ்சா அதுக்குள்ளயே வேண்டியது இருக்கு.

சூடு இதுல எங்க வருதுன்னா, ஈஸ்ட்டோட வேகம் சுமாரா பத்து டிகிரிக்கு ரெண்டு மடங்கு ஏறும். குளிர் ஊர்ல 21, 22 டிகிரியில ஆறு நாள் ஆகறது நம்ம கிச்சன்ல 33, 34ல ரெண்டு நாள், ரெண்டரை நாள்ல முடிஞ்சுடும். 2003 மே 31 அன்னிக்கு நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி பதிவாச்சு, அந்த மாதிரி நாளெல்லாம் பாட்டிலை வெளிய வெக்கறதே பாவம். எங்க பக்கம் மத்தியானத்துக்கு மேல கடல் காத்து வந்துடும், காசிமேட்டு வாசனையோட, தெருவுல உக்காந்தா ஜம்முனு இருக்கும், ஆனா அது கிச்சனுக்குள்ள எல்லாம் வராது.

அதனால நான் நாள் எண்றதே இல்ல. இட்லி மாவைத்தான் பாக்கறது. ராத்திரி கரைச்சு வெச்ச மாவு காலையிலதான் பொங்கி நிக்குதுன்னா டிசம்பர் ஜனவரி மாதிரி கணக்கு, பாட்டில் மூணு நாள், சமயத்துல நாலு நாள் கூட வெளிய இருக்கலாம். சாயங்காலம் அரைச்ச மாவு தூங்கப் போறதுக்குள்ள மூடியை தள்ளுதுன்னா பாட்டிலுக்கு ஒரு நாள் போதும், அப்படியே ஃப்ரிட்ஜுக்கு போய்டணும். ரெண்டும் ஒரே கிச்சன்ல ஒரே சூட்டுலதான இருக்கு. தெர்மாமீட்டர் வாங்கி மாட்டினவங்களும் இருக்காங்க, தப்பில்ல, ஆனா மாவு எப்படியும் வீட்ல இருக்கு.

மாவை விட நம்பகமான இன்னொரு ஆளு உண்டு, பழைய கூல்டிரிங்ஸ் பிளாஸ்டிக் பாட்டில். ஒவ்வொரு வாட்டி அடைக்கும்போதும் அதே டீயை, அதே ஃப்ளேவரை ஒரு சின்ன பெட் பாட்டில்லயும் ஊத்தி, கொஞ்சம் அமுக்கி உள்ள இருக்கற காத்தை வெளியேத்திட்டு மூடி, கண்ணாடி பாட்டிலுங்க பக்கத்துலயே வெச்சிடுங்க. காஸ் ஏற ஏற ஒடுங்கின பாட்டில் நிமிரும், அப்புறம் விறைக்கும். கட்டை விரலால அழுத்தினா உள்ள போகாம கல்லு கணக்கா நின்னுச்சுன்னா கண்ணாடியும் அதே நிலைமையிலதான் இருக்குன்னு அர்த்தம், எல்லாத்தையும் தூக்கி ஃப்ரிட்ஜுல வெச்சிடலாம். கண்ணாடியை பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது, அது கடைசி நிமிஷம் வரைக்கும் ஒரே மாதிரிதான் நிக்கும். சில பேரு தினமும் மூடியை லேசா தொறந்து காஸ் விடறாங்க, அதுல காஸும் போச்சு வாசனையும் போச்சு. டெஸ்ட்டு பாட்டில் இருந்தா அந்த வேலையே தேவையில்ல.

இப்ப பாட்டில். இங்கதான் எங்க ஏரியாவுக்கு ஒரு வசதி, பழைய பேப்பர் கடைக்கு பஞ்சமே இல்ல. ஆனா எதை எடுக்கணும் எதை விடணும்னு தெரியணும். பீர் பாட்டில் எடுக்கலாம், அது காஸ் தாங்கறதுக்குன்னே செஞ்சது, பிரவுன் கலர்ல இருக்கறதால வெளிச்சமும் அதிகமா உள்ள போகாது. ஆனா அதுக்கு கிரௌன் மூடியும் (ஓரம் பல்லு பல்லா இருக்கற தகர மூடி) அதை அமுக்கற மெஷினும் வேணும். குவாட்டர் பாட்டில், ஃபுல்லு, எவ்ளோ அழகான ஷேப்பா இருந்தாலும் வேணாம், பிராந்தி விஸ்கியில காஸ் கிடையாது, அந்த கண்ணாடிக்கு அழுத்தம்னா என்னன்னே தெரியாது. சதுரமா இருக்கறது எதுவுமே வேணாம், அழுத்தம் மூலையில போய்தான் உக்காரும். ஜாம் பாட்டில், ஹார்லிக்ஸ் பாட்டில், வாயகன்ற எதுவும் வேணாம், வாய் பெருசாக பெருசாக மூடி மேல விழற பலமும் ஏறும், தகர மூடி ஆசிட்டுல துருவும் புடிக்கும். ஊறுகாய் ஜாடியும் வேணாம், பாட்டி காலத்து ஜாடின்னா அந்த பளபளப்புல ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, புளிப்பு அதை இழுத்து வெளிய கொண்டு வந்துடும். ஜாடியில ஊறப் போடறதுக்கும் இதே ரூல்தான். அலுமினியம், பித்தளை, செம்பு பேச்சே வேணாம்.

அந்த கடைக்கார அண்ணன் முதல் தடவை நான் பாட்டிலை வெளிச்சத்துல தூக்கித் தூக்கி பார்த்துக்கினு இருந்ததை பார்த்துட்டு "இன்னாக்கா, நகை வாங்கற மாரி பாக்கற"ன்னாரு. பாக்கணும்ங்க. வாய்கிட்ட சில்லு பேந்திருக்கா, கழுத்துல முடி மாதிரி கோடு ஓடுதா, அடியில கீறல் இருக்கான்னு விரல் விட்டு தடவியும் பாக்கணும். உள்ள பீடித்துண்டு கிடக்கறதை வாங்கவே மாட்டேன், எவ்ளோ கழுவினாலும் எனக்கு மனசு வராது.

காஸ் தாங்கற பாட்டில்னா நம்ம ஊருக்கு தெரிஞ்சது கோலி சோடா பாட்டில்தான். ஹைரம் காட்னு ஒரு இங்கிலீஷ்காரர் 1870கள்ல கொண்டு வந்த டிசைன், இன்னிக்கும் நம்ம தெருவுல ஓடுது. உள்ள காஸ் கோலியை தள்ளி கழுத்துல இருக்கற ரப்பர் வளையத்துல ஒட்ட வெக்கும், காஸ் எவ்ளோ ஜாஸ்தியோ அவ்ளோ டைட்டு. கண்ணாடியும் எவ்ளோ தடி பாருங்க. கொம்புச்சாவுக்கு அதை யூஸ் பண்ணலாமான்னு கேக்காதீங்க, வீட்ல நிரப்ப முடியாது, அந்த கழுத்துக்குள்ள பிரஷ் போகாது, ஈஸ்ட்டு படிஞ்சா கழுவவே முடியாது. தடிக் கண்ணாடி ஏன் முக்கியம்னு காட்டறதுக்காக சொன்னேன்.

கடைசியில நான் நிலைச்சு நிக்கறது ஸ்விங் டாப் பாட்டில்ல, அதாவது ரப்பர் வாஷர் வெச்ச மூடியை கம்பியால அமுக்கிப் பூட்டற ரகம். நம்ம பாரிஸ் கார்னர் பக்கம் பாட்டில் விக்கிற கடைங்கள்ல கிடைக்கும். ஆனா அதுலயே ரெண்டு ரகம் இருக்கு, எண்ணெய் வெக்க, அலங்காரத்துக்கு வெக்கன்னு வர்றது மெல்லிசா இருக்கும், விலையும் கம்மி, அதுல காஸ் அடைச்சா போச்சு. கையில தூக்கினாலே வித்தியாசம் தெரியும். கடையில "சோடா தாங்குமா"ன்னு நேரா கேளுங்க, "எல்லாம் தாங்கும்மா"ன்னு சிரிச்சுக்கினே சொன்னா அடுத்த கடைக்கு போங்க.

ஊத்தற அன்னிக்கு பண்றது என்னன்னா, ஜாடியில இருக்கற ஸ்கோபியை கைய நல்லா கழுவிட்டு எடுத்து ஒரு கண்ணாடி கிண்ணத்துல போட்டு, அடுத்த போடறதுக்கு தேவையான பழைய தண்ணியை முதல்லயே எடுத்து வெச்சிடணும், லிட்டருக்கு ஒரு டம்ளர் வீதம். இதை மறந்துட்டு எல்லாத்தையும் பாட்டில்ல ஊத்திடறவங்கதான் ஜாஸ்தி. எங்க அத்தை, அதாவது மாமியார், அந்த ஸ்கோபியை இன்னும் கிட்ட வந்து பாக்க மாட்டாங்க. "ஐய, சொறி மீனு கணக்கா கீது, இத்த தண்ணியில போட்டு குடிக்கிறியே"ம்பாங்க. ஆனா நன்னாரி போட்டதை ஊத்திக் குடுத்தா டம்ளரை காலி பண்ணிட்டுதான் பேசுவாங்க. மிச்ச டீயை ஒரு தடவை அடியிலேர்ந்து மெதுவா கலக்கி விடணும், ஏன்னா ஈஸ்ட்டு எல்லாம் அடியில படிஞ்சிருக்கும், கலக்காம ஊத்தினா முதல் பாட்டில் சப்புன்னு இருக்கும், கடைசி பாட்டில் பேய் மாதிரி பொங்கும். அப்புறம் பிளாஸ்டிக் புனல், மேல ஒரு வடிகட்டி, மேல ரெண்டு விரக்கடை இடம் விட்டு மூடு. ரொம்ப இடம் விட்டா உள்ள காத்து ஜாஸ்தியாகி பாட்டில்லயே குட்டி ஸ்கோபி உருவாகும், குடிக்கும்போது தொண்டையில வழுக்கும். அது கெட்டுப்போனதில்ல, ஆனா விருந்தாளிக்கு குடுத்தா நட்பு கெட்டுடும்.

ஃப்ளேவர் விஷயத்துல எனக்கு கொஞ்சம் பிடிவாதம் உண்டு. ஸ்ட்ராபெர்ரி, ப்ளூபெர்ரின்னு ஏன் ஓடணும்? இஞ்சி மெல்லிசா சீவி நாலு துண்டு, இல்ல நன்னாரி வேர் தட்டி வேகவெச்ச தண்ணி, இல்ல நெல்லிக்காய் சீவல், இல்ல எலுமிச்சை தோலும் சோம்பும். பன்னீர் சோடா ஞாபகத்துல பன்னீர் ரெண்டு ஸ்பூன் விட்டதுண்டு, எங்க வீட்ல பசங்களுக்கு அதுதான் உசுரு. மாம்பழம் மட்டும் ஜாக்கிரதை. 100 கிராம் மாம்பழத்துல 13, 14 கிராம் சக்கரை இருக்கு, அந்த பழைய கணக்கை திரும்ப போட்டு பாருங்க, அரை பழத்தை கூழாக்கி போட்டா எங்க போய் நிக்கும். அதோட கூழ்ல இருக்கற ஒவ்வொரு நாரும் காஸ் குமிழ் பிடிச்சு கிளம்பற இடம், தொறந்த உடனே பாதி பாட்டில் கூரைக்கு போய்டும். பங்கனப்பள்ளி சீசன்ல எங்க மாடி வீட்டு அக்கா ஒருத்தங்க சமையக்கட்டு சீலிங் ரொம்ப நாளைக்கு மஞ்சளா இருந்துச்சு, இவ்ளோதான் சொல்லுவேன். போட்டே ஆகணும்னா வடிகட்டின ஜூஸ் லிட்டருக்கு ஒரு சின்ன கரண்டி, வெளிய அரை நாள், அவ்ளோதான்.

மூடின பாட்டிலுங்களை வெளிய வெக்கற அந்த ஒரு நாளோ மூணு நாளோ, அலமாரியில வரிசையா நிக்க வெக்காதீங்க, ஜன்னலோரம் சுத்தமா கூடாது. நான் காலியான எவர்சில்வர் அரிசி டிரம்முல, பாட்டிலுக்கு நடுவுல பழைய துணி சுத்தி, மூடி போட்டு வெக்கறேன். ஒண்ணு வெடிச்சாலும் சில்லு வெளிய வராது, இருட்டு, பசங்க கை படாது. தெர்மாகோல் மீன் பொட்டி கூட யோசிச்சேன், சூடு உள்ள ஏறாது, எங்க ஏரியாவுல சல்லிசா கிடைக்கும், ஆனா அது சில்லை தடுக்கற அளவுக்கு பலமில்லன்னு விட்டுட்டேன். டிரம்மை தொறக்கும்போது அது மேல குனிஞ்சு பாக்காதீங்க.

அப்புறம் ஃப்ரிட்ஜ். ஈஸ்ட்டை தூங்க வெக்கறது மட்டுமில்ல, காஸை தண்ணிக்குள்ள உக்கார வெக்கறதும் குளிர்தான். 0 டிகிரி தண்ணி 25 டிகிரி தண்ணியை விட ரெண்டு மடங்குக்கு மேல கார்பன் டை ஆக்சைடை கரைச்சு வெச்சுக்கும். அதனால குறைஞ்சது ஒரு ராத்திரியாவது உள்ள இருக்கணும், அரை மணி நேரம் ஃப்ரீசர்ல போட்டு எடுத்தேன்னு வராதீங்க, வெளிய சில்லுனு இருக்கும், நடுவுல இருக்காது. தொறக்கறது சிங்க்குக்குள்ள வெச்சு, மேல ஒரு தடி துணி போட்டு, ஸ்விங் டாப்பை ஒரு கையால அமுக்கிப் புடிச்சுக்கினு மெதுவா. கதவுல இருக்கற ஷெல்ஃபுல வெக்காதீங்க, தொறந்து மூடி தொறந்து மூடி ஆடிக்கினே இருக்கும், உள்ள தட்டுல பின்னால தள்ளி நிக்க வைங்க.

ஆனா ஃப்ரிட்ஜ் நொதிக்கறதை நிறுத்தாது, மெதுவாக்கும், அவ்ளோதான். கரண்ட் போச்சுன்னா திரும்ப முழிச்சுக்கும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அப்ப எங்க தெருவுல தண்ணி நின்னு கரண்ட் வர நாளாச்சு. எல்லாரும் பாலுக்கும் மெழுகுவத்திக்கும் அலைஞ்சுக்கினு இருக்க, நான் டார்ச்ச வாயில கவ்விக்கினு ஃப்ரிட்ஜ்ல இருந்த பாட்டிலை எல்லாம் ஒவ்வொண்ணா எடுத்து காஸ் விட்டு, பெரிய எவர்சில்வர் டபராவுல கொட்டி துணி கட்டிட்டேன். அத்தை இருட்டுல உக்காந்துக்கினு "ஊரே முழுகுது, இவ சோடா தொறக்கறா"ன்னாங்க. காஸ் போனதை பத்தி யோசிக்கவே கூடாது அந்த நேரத்துல. ரெண்டு மூணு மணி நேர பவர் கட்டுக்கு இதெல்லாம் தேவையில்ல, கதவை தொறக்காம இருந்தா போதும்.

எவ்ளோ நாள் வெக்கலாம்னா, கெட்டுப்போறதுங்கற அர்த்தத்துல பார்த்தா மாசக்கணக்குல தாங்கும், புளிப்பு அவ்ளோ இருக்கு. ருசிக்கு ஒரு மாசம், மிஞ்சிப்போனா ஒண்ணரை. அதுக்கப்புறம் புளிப்பு ஏறிக்கினே போகும். மூடியில பேப்பர் டேப் ஒட்டி அடைச்ச தேதி, ஃப்ளேவர் எழுதிடுங்க, இஞ்சியும் எலுமிச்சையும் வெளிய பார்த்தா ஒண்ணுதான். ரொம்ப புளிச்சதை கீழ ஊத்தாதீங்க, வெங்காயம் நறுக்கி அதுல ஊறப் போட்டா மீன் வறுவலுக்கு தொட்டுக்க பிரமாதம். ஆனா ஊறுகாய் போட வினிகருக்கு பதிலா இதை ஊத்தாதீங்க, கடை வினிகர்ல ஆசிட் 4 சதவீதம் பக்கம் இருக்கும், இது அவ்ளோ வராது, ஊறுகாய் பூசணம் பூத்துடும். மேல பச்சையா கறுப்பா பஞ்சு மாதிரி பூத்திருந்தா மட்டும் யோசிக்காம ஸ்கோபியோட சேர்த்து கொட்டிடணும், வடிகட்டி குடிக்கலாம்னு கணக்கு போடக் கூடாது.

இன்னொண்ணு, மூடின பாட்டில்ல ஆல்கஹால் கொஞ்சம் ஏறத்தான் செய்யும், மேல சொன்னேன்ல, பாக்டீரியா சும்மா உக்காந்துடும்னு. அமெரிக்காவுல 0.5 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா மது கணக்கு, 2010ல இதுக்காகவே அங்க சில பெரிய கடைங்க ஷெல்ஃப்லேர்ந்து கொம்புச்சாவை எடுத்துட்டாங்க. வீட்ல போடறது 1 சதவீதத்தை தாண்டறதும் உண்டு, பழம் போட்டு சூட்டுல வெச்சா இன்னும் ஜாஸ்தி. அதனால மாசமா இருக்கறவங்க, கீமோ மாதிரி ட்ரீட்மெண்ட்ல எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க, சின்னக் குழந்தைங்க, இவங்களுக்கு வேணாம். எங்க வீட்டு பசங்க பெரிய பசங்க, அவங்களுக்கும் ஒரு சின்ன டம்ளர்தான். சுகர் இருக்கறவங்க "புளிக்குதே, சக்கரை போயிடுச்சு"ன்னு நினைக்காதீங்க, 30, 40 கிராம் பேச்சு இப்பதான் பேசினோம். சர்வரோக நிவாரணின்னு வாட்ஸப்புல வர்றதை எல்லாம் நம்பி குடிக்கிறவங்களுக்கு என்கிட்ட பதில் இல்ல, எனக்கு வெயில் காலத்துல சில்லுனு சுர்ருன்னு ஒண்ணு வேணும், அது வீட்லயே வருது.

ஸ்விங் டாப் வாங்கறவங்களுக்கு கடைசியா ஒண்ணு. கடல் பக்கம் இருக்கறவங்க வீட்ல அந்த கம்பி சீக்கிரம் துரு புடிக்கும், உப்புக் காத்து. கழுவினதும் துடைச்சு, கம்பி மேல தேங்காண்ணெய் லேசா தடவி, மூடாம தொறந்தே வைங்க. ரப்பர் வாஷர் நாளடைவுல தட்டையாகி இறுகிடும், அப்ப காஸ் ஏறவே ஏறாது, டீ மேல தப்புன்னு நினைச்சு ஸ்கோபியை தூக்கிப் போட்டவங்களை எனக்கு தெரியும். வாஷரை கழட்டி வளைச்சு பாருங்க, வெடிப்பு தெரிஞ்சா மாத்திடுங்க. பாட்டில் வாங்கின கடையிலயே உதிரியா கேட்டா குடுப்பாங்க, பாட்டில் ஒண்ணை கையோட எடுத்துக்கினு போங்க, சைஸ் வாயால சொன்னா சரியா வராது.